பசிபிக் எரிமலைத் தீவுகளுக்குப் போன பழைய கப்பல்களின் பதிவுகள்: எதை நம்பிப் படிப்பது?

குளச்சல் வாசகன்:

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதக் கடைசி ஞாயிறு யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். இந்த முறை என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பசிபிக்கின் நடுவே தனியாகக் கிடக்கும் எரிமலைத் தீவுகளுக்குப் போன பழைய கப்பல்களின் பதிவுகளைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஆர்வம் கூடுகிறது, குழப்பமும் கூடவே வருகிறது.

பிட்கெய்ன் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1767 ஜூலை 2 அன்று ஸ்வாலோ என்ற ஆங்கிலேயக் கப்பலில் இருந்த 15 வயதுப் பையன் ராபர்ட் பிட்கெய்ன்தான் அதை முதலில் பார்த்தான், கேப்டன் பிலிப் கார்ட்டரெட் அவன் பெயரையே தீவுக்கு வைத்தார். அலை பலமாக இருந்ததால் யாரும் இறங்கவில்லை, ஆனால் இடத்தைக் குறித்து வைத்தார்கள். அப்படியிருக்க 1773-இல் ஆங்கிலேயக் கேப்டன் ஜேம்ஸ் குக் அந்தப் பக்கம் போனபோது தீவு கண்ணில் படவேயில்லை. 1790-இல், பவுண்டி என்ற ஆங்கிலேயக் கப்பலில் கேப்டனை எதிர்த்துக் கலகம் செய்தவர்கள் அங்கே போய்க் குடியேறி, கப்பலையும் கொளுத்திவிட்டார்கள். 1808-இல் டோபாஸ் என்ற அமெரிக்கக் கப்பல் தற்செயலாக அங்கே வரும்வரை அவர்கள் எங்கே போனார்கள் என்று வெளியுலகத்தில் யாருக்கும் தெரியாது. இதைவிடப் பெரிய விஷயம் சாலமன் தீவுகள். ஸ்பெயின்காரர் மெண்டானா 1568-இல் பார்த்துவிட்டுப் போன தீவுக்கூட்டத்தை அடுத்த 200 வருடம் ஐரோப்பியர் யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியவில்லை. மலையும் காடுமாக நிற்கிற தீவு எப்படித் தொலையும்?

இன்னொன்று, ஒரே சம்பவத்துக்கு ஒரு புத்தகத்தில் ஒரு தேதி, இன்னொன்றில் அடுத்த நாள். எரிமலை வெடித்ததற்கு இந்தக் குறிப்புகளை எந்த அளவுக்கு நம்பலாம்? மூலப் பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

கடியபட்டணம் மாலுமி:

மக்கா, நல்ல விஷயத்தைத்தான் எடுத்திருக்கிறாய். நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

அன்றைய கப்பலில் அட்சரேகை கண்டுபிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. நடுப்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் முடிந்தது. தீர்க்கரேகைக்குத்தான் நேரம் தெரிய வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது, அதனால் கிளம்பிய துறைமுகத்தில் இப்போது மணி என்ன என்பது துல்லியமாகக் கையில் இருந்தால்தான் நாம் எவ்வளவு தூரம் கிழக்கே அல்லது மேற்கே வந்திருக்கிறோம் என்று சொல்ல முடியும். நேரம் 4 நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும், நிலநடுக்கோட்டில் அது 111 கிலோமீட்டர். ஸ்வாலோவில் அந்த மாதிரிக் கடிகாரம் கிடையாது. மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் போடுவார்கள், சின்ன மணற்கடிகாரத்தில் 28 விநாடி மணல் ஓடி முடிவதற்குள் கயிற்றில் எத்தனை முடிச்சு கையைவிட்டுப் போகிறது என்று எண்ணுவார்கள், அதுதான் வேகம். அதோடு திசைகாட்டி காட்டிய திசையையும் சேர்த்துத் தினமும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கப்பலும் மரத்துண்டும் ஒரே நீரோட்டத்தில்தான் மிதக்கின்றன, எனவே நீரோட்டம் தள்ளிக்கொண்டு போன தூரம் அந்தக் கணக்கில் வரவே வராது. மாதக்கணக்கில் நிலத்தைப் பார்க்காமல் பசிபிக்கில் ஓடினால் அந்தப் பிழை நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும்.

கார்ட்டரெட் பிட்கெய்னின் அட்சரேகையைக் கிட்டத்தட்டச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தீர்க்கரேகை மட்டும் மூன்று பாகைக்கு மேல் மேற்கே தள்ளிப்போய்விட்டது, தூரத்தில் 300 கிலோமீட்டருக்கும் அதிகம். கன்னியாகுமரியைத் தேடிக் கிளம்பியவனிடம் மதுரைக்கும் அந்தப் பக்கம் ஓர் இடத்தைக் காட்டிவிட்டது மாதிரி. பவுண்டியில் இருந்த ஒரு பயண நூலில், கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஃப்ளெச்சர் கிறிஸ்டியன் இந்தத் தீவைப் பற்றிப் படித்திருந்தார். சொன்ன இடத்தில் இல்லை என்றதும் அதே அட்சரேகையைப் பிடித்துக் கிழக்கே தேடிப் போய்த்தான் கண்டுபிடித்தார். வரைபடத்தில் தப்பான இடத்தில் இருக்கும் தீவைவிட ஒளிந்துகொள்ள நல்ல இடம் வேறு ஏது? பவுண்டியில் நல்ல கடல் கடிகாரம் ஒன்று இருந்தது, லார்க்கம் கெண்டால் செய்தது. 1808-இல் டோபாஸின் கேப்டன் மேஹியூ ஃபோல்ஜருக்குத் தீவில் அந்தக் கடிகாரத்தையே கொடுத்தார்கள். இப்போது அது கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாலமன் கதையும் இதேதான், பிழை மட்டும் பல மடங்கு பெரிது. மெண்டானா 1595-இல் பெருவிலிருந்து குடும்பங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு அதே தீவுகளில் குடியேறக் கிளம்பினார். ஜூலையில் மார்க்கசாஸ் தீவுகளைப் பார்த்ததும் வந்து சேர்ந்துவிட்டோம் என்றே முதலில் நினைத்தார். உண்மையில் இன்னும் 6,000 கிலோமீட்டருக்கும் மேல் பாக்கி. 1767-இல் நம்ம கார்ட்டரெட் அந்தத் தீவுக்கூட்டத்தின் வழியாகவே போனார், மெண்டானா பார்த்த இடம் இதுதான் என்று தெரியாமலே கடந்தும் போனார்.

தேதி விஷயம் சுலபம். அன்றைய ஆங்கிலேயக் கப்பலில் நாள் என்பது நடுப்பகலில் தொடங்கி மறுநாள் நடுப்பகலில் முடியும், அதுவும் கரைக் கணக்குக்கு 12 மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடும். அதாவது கரையில் திங்கட்கிழமை பிற்பகல் நடந்தது கப்பல் பதிவில் செவ்வாய்க்கிழமையில் இருக்கும். ஆங்கிலேயக் கடற்படை 1805-இல்தான் இந்தப் பழக்கத்தை விட்டது. தேதிக்கோடு என்ற ஏற்பாடும் அப்போது கிடையாது, கிழக்கிலிருந்து வந்தவனுக்கும் மேற்கிலிருந்து வந்தவனுக்கும் ஒரே தீவில் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். 1752-க்கு முந்தைய ஆங்கிலேயப் பதிவு என்றால் பழைய நாட்காட்டி, அதில் 10 அல்லது 11 நாள் பின்தங்கியிருக்கும். அதனால் பதிவு எந்த நாட்டுக்காரருடையது, எந்தத் திசையிலிருந்து வந்த கப்பல், காலையா மாலையா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத் தேதியைச் சொல்லு.

பத்மநாபபுரம் டீச்சர்:

மாலுமி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் படிப்பது கப்பலில் உட்கார்ந்து எழுதிய பதிவா, ஊர் திரும்பிய பிறகு அச்சுக்காக வேறொருவர் எழுதியதா என்று முதலில் பாருங்கள். நான் வகுப்பில் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்வது இதைத்தான். கார்ட்டரெட், வாலிஸ், பைரன், குக் நான்கு பேரின் பயணங்களையும் சேர்த்து 1773-இல் ஜான் ஹாக்ஸ்வொர்த் என்பவர் வெளியிட்டார். அவர் கப்பலில் போனவரே இல்லை. ஆனால் கேப்டன்களே பேசுவது போல 'நான்', 'நாங்கள்' என்று எழுதி, தன் கருத்துகளையும் இடையிடையே அவர்கள் வாயில் போட்டுவிட்டார். கார்ட்டரெட்டுக்கு இது பிடிக்காமல் தானே ஒன்று எழுதி வைத்தார், அது 1965-இல்தான் அச்சுக்கு வந்தது. இருநூறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் ஹாக்ஸ்வொர்த்தைப் படித்துவிட்டுக் கார்ட்டரெட் சொன்னார் என்று மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

ஈஸ்டர் தீவின் கதை இன்னும் முக்கியம். யாக்கோப் ரோக்கவேன் என்ற டச்சுக்காரர் 1722 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே வந்தார். நம் குளச்சலில் 1741-இல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. ரோக்கவேன் வந்தது அதன் போட்டிக் கம்பெனியான மேற்கிந்தியக் கம்பெனியின் சார்பில். அவர் படேவியா (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சேர்ந்ததும் எங்கள் எல்லைக்குள் எப்படி வந்தாய் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்களைப் பறிமுதல் செய்துவிட்டது. அவருடைய சொந்த நாட்குறிப்பு 1838-இல்தான் அச்சில் வந்தது. அதுவரை அந்தக் கப்பல்களில் போன மற்றவர்கள் பெயரில் வந்த புத்தகங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன, தீவில் ராட்சத உயரத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. ரோக்கவேனின் குறிப்பில் அப்படி எதுவும் இல்லை. கரையிறங்கிய அன்று அவருடைய ஆட்கள் பதற்றத்தில் சுட்டு 10, 12 தீவுக்காரர்கள் செத்ததை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நீங்கள் பேசும்போது இதை விட்டுவிடாதீர்கள். கண்டுபிடிப்பு என்று நாம் கொண்டாடும் பல நாட்கள் அந்த ஊர்க்காரர்களுக்குத் துக்க நாட்கள்.

நேரில் பார்த்தவர் எழுதினாலும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கும் ரோக்கவேனே உதாரணம். ஈஸ்டர் தீவில் நிற்கும் பெரிய சிலைகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்து, ஒரு துண்டைப் பெயர்த்தும் பார்த்துவிட்டு, களிமண்ணால் செய்து அதில் சின்னச் சின்ன வழுவழுப்பான கற்களைப் பதித்திருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தச் சிலைகள் பெரும்பாலும் ரானோ ராராக்கு என்ற எரிமலை வாயிலிருந்து வெட்டியவை. வெடிப்பில் விழுந்த சாம்பல் இறுகிக் கல்லானது, உள்ளே சின்னச் சின்னக் கல்துண்டுகள் அப்படியே புதைந்து கிடக்கும். அவர் கண் பார்த்தது சரி, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. பழைய பதிவைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

தூத்தூர் கடலோடி:

அண்ணே, நான் ஆழ்கடல் தூண்டில் படகில் போகிறவன். டீச்சரும் மாலுமி அண்ணாச்சியும் சொன்ன அளவுக்குப் படிப்பு எனக்கு இல்லை, ஆனால் இந்த மாதிரிக் கடல் பயணக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பேன்.

நீரோட்டத்தைப் பற்றி அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. நாங்கள் நீவாடு என்போம். மேலே காற்று ஒரு பக்கம் அடிக்கும், அடியில் நீவாடு வேறு பக்கம் இழுக்கும், படகு நேராகப் போவது மாதிரியே இருக்கும், விடிந்து ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால்தான் எங்கே கிடக்கிறோம் என்பது தெரியும். கலபகோஸ் தீவுகள் பதிவுக்குள் வந்ததே அப்படித்தான். 1535-இல் பனாமா ஆயர் தொமாஸ் தெ பெர்லாங்கா பெருவுக்குப் போகும்போது காற்று நின்றுபோய், நீரோட்டம் கப்பலை இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கள்ளிச் செடியைப் பிழிந்து குடித்தார்கள். கடவுள் கல்மழை பெய்ய வைத்தது போல இருக்கிறது அந்த இடம் என்றும், பறவைகள் மனிதனைக் கண்டு ஓடத் தெரியாமல் நிற்கின்றன என்றும் ஸ்பெயின் மன்னருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் பெருமை பேசுவதே கிடையாது, தண்ணீர் தேடி அலைந்ததுதான் பெரும்பகுதி. கடலில் மாட்டிக்கொண்டவன் அப்படித்தான் எழுதுவான், அதனாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை.

மெண்டானாவின் 1595 பயணத்தில் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் சாந்தா குரூஸ் தீவுகளை நெருங்கும்போது டினாகுலா என்ற எரிமலை கடலுக்கு நடுவே நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அந்த இரவில் கூட வந்த சாந்தா இசபெல் என்ற கப்பல் காணாமல் போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு. தலைமை மாலுமி கிரோஸ் வழியாக வந்த பதிவில் கப்பல் மறுநாள் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்பதோடு சரி. ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் கரையில் இருக்கின்றன, அதனால் அந்த இரண்டு வரியைச் சும்மா படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அப்புறம் 1970-களில் சாலமன் தீவுகளில் ஒன்றான மகிராவில் பாமுவா என்ற இடத்தில் தோண்டியபோது அந்தக் காலத்து ஸ்பானிய மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தக் கப்பலில் வந்தவர்கள் கொஞ்ச காலமாவது அங்கே உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எழுதிய பதிவு நின்ற இடத்திலிருந்து மண்ணுக்குள் கிடந்த ஓடு மிச்சத்தைச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. எல்லோரும் ஐரோப்பியக் கப்பலைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் வருவதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னாலேயே தீவுக்காரர்கள் அந்தக் கடல் முழுக்கப் போய் வந்தவர்கள். ராயத்தேயா தீவின் துபாயியா 1769-இல் குக்கின் கப்பலில் ஏறினார், தான் அறிந்த 70-க்கும் மேற்பட்ட தீவுகளை ஒரே வரைபடத்தில் போட வைத்தார், அதன் நகல் இன்றும் லண்டனில் இருக்கிறது. வனுவாட்டுவில் ரோய் மாதா என்ற தலைவனை எந்தத் தீவில் புதைத்தார்கள், கூட யார் யாரைப் புதைத்தார்கள் என்று வாய்வழியாகவே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1967-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஹோசே கராஞ்சே அந்தக் கதையைக் கேட்டு, சொன்ன இடத்திலேயே தோண்டினார், அப்படியே இருந்தது. எங்கள் பெருசுகள் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராக வைத்துக் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டை, நாங்கள் பாரு என்போம், கண்டுபிடிப்பார்கள், அதை எந்தக் காகிதத்திலும் எழுதி வைத்ததில்லை. எழுதவில்லை என்பதற்காக அது பதிவு இல்லை என்று ஆகிவிடுமா?

குளச்சல் வாசகன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தூத்தூர் தம்பி சொன்ன டினாகுலா விஷயம் நேற்று ராத்திரி முழுக்க மனதை விட்டுப் போகவில்லை. வெடிப்புகளைப் பற்றி மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். தேதியைத் துல்லியமாகச் சொல்ல இந்தப் பதிவுகள் போதுமா?

நாகர்கோவில் நிலவியல்:

நான் நிலவியல் படித்தவள், இது எனக்குப் பிடித்த இடம். சில இடங்களில் தாராளமாகப் போதும், சில இடங்களில் அதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

வனுவாட்டுவில் உள்ள தன்னா தீவின் யாசூர் எரிமலையைப் பாருங்கள். 1774 ஆகஸ்டில் குக்கின் ரெசல்யூஷன் கப்பலிலிருந்து இரவில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பினார்கள். கூடப் போன இயற்கை ஆய்வாளர்களான ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் மலைக்குப் போக முயன்றார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. ஆனாலும் மழைக்குப் பிறகு வெடிச்சத்தம் கூடுகிறது என்பது வரை கவனித்து எழுதினார்கள். யாசூர் இன்றும் அப்படியே வெடித்துக்கொண்டிருக்கிறது.

இதைவிட அழகான தொடர் டோங்காவின் ஃபால்கன் தீவு. 1865-இல் ஃபால்கன் என்ற போர்க்கப்பல் அங்கே வெறும் கடல்மேடு இருப்பதாகக் குறித்தது. 1877-இல் சாஃபோ என்ற கப்பல் அதே இடத்தில் புகை கிளம்புவதைப் பார்த்தது. 1885-இல் வெடித்துத் தீவே எழும்பிவிட்டது. 1889-இல் எஜீரியா கப்பல் போய் முறையாக அளந்து படம் போட்டது. எழும்பியது சாம்பலும் சிதறிய கல்லும்தான், எரிமலைக் குழம்பு உறைந்த கெட்டிப் பாறை இல்லை, அதனால் அலை அரித்து அரித்து பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மறுபடியும் கடல்மட்டத்துக்குக் கீழே போனது. 1927-இல் திரும்ப வெடித்து மேலே வந்தது. இன்று மறுபடியும் தண்ணீருக்கடியில். இந்த வரலாறு முழுக்க வழியே போன கப்பல்காரர்கள் இரண்டு மூன்று வரி எழுதி வைத்ததால் கிடைத்தது. அதே டோங்காவில் 2015-இல் எழும்பிய நிலம் 2022 ஜனவரி 15 வெடிப்பில் பெரும்பகுதி போனதைச் செயற்கைக்கோள் படத்தில் நாமே பார்த்தோம்.

வாசகன் அண்ணா, நீங்கள் முதலில் தீவு எப்படித் தொலையும் என்று கேட்டீர்கள். இப்படி உண்மையாகவே தொலையும் தீவும் இருக்கிறது. அதனால் பழைய வரைபடத்தில் இருப்பது இன்று இல்லை என்றால் உடனே மாலுமி பொய் சொன்னான் என்று முடிவு கட்டக் கூடாது.

பொய் சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. பெஞ்சமின் மோரல் என்ற அமெரிக்க கேப்டன் இல்லாத தீவுகளைப் பார்த்ததாக எழுதி, அவை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வரைபடங்களில் இருந்தன. ஆனால் 1825 பிப்ரவரி 14 அன்று கலபகோஸின் ஃபெர்னாண்டினா எரிமலை வெடித்ததை அவர் எழுதியது உண்மை என்றே எரிமலை ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கடல் கொதித்தது, கப்பல் பலகை இடுக்கில் பூசிய தார் உருகி வழிந்தது, காற்று இல்லாததால் தப்பிப் போகவும் முடியவில்லை என்று அவர் விவரிப்பது குழம்பு கடலில் இறங்கும்போது நடப்பதோடு ஒத்துப்போகிறது. ஆளை வைத்து மொத்தமாக ஒதுக்க வேண்டாம், வரி வரியாகச் சோதிக்க வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பதிவு இல்லை என்றால் வெடிப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்தப் பக்கம் கப்பல் போகவில்லை என்றும் இருக்கலாம். திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பசிபிக்கில் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் வெடிப்புப் பதிவுகளும் பெருகுகின்றன. எரிமலைகள் அதிகமாகவில்லை, பார்த்த கண்கள் அதிகமாயின.

மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குக்கின் எண்டவர் கப்பல் நாட்குறிப்பை ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, கலகக்காரர்கள் பவுண்டியிலிருந்து படகில் இறக்கிவிட்ட அதன் கேப்டன் ப்ளை அந்தப் படகிலேயே எழுதிய சின்ன நோட்டுப் புத்தகமும் அங்கேதான். திமிங்கிலக் கப்பல்களின் பதிவேடுகளும் நிறைய கிடைக்கின்றன, திமிங்கிலம் பிடித்த நாளில் ஓரத்தில் திமிங்கில உருவத்தை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள், படிப்பகத்தில் திரையில் காட்டினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒவ்வோர் எரிமலைக்கும் எந்த வெடிப்பு எந்த ஆதாரத்தில் தெரியும் என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் எரிமலைப் பட்டியலில் போட்டிருக்கிறார்கள், தேதி சொல்வதற்கு முன் அங்கே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடியபட்டணம் மாலுமி:

நல்லா சொன்னாய் மக்ளே. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆங்கிலேயப் போர்க்கப்பல் என்றால் கேப்டன் மட்டுமில்லை, கீழே இருந்த அதிகாரிகளும் தனித்தனியே பதிவு எழுத வேண்டும். ஒரே நாளை இரண்டு மூன்று பேர் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. மூன்றிலும் இருப்பதை மேடையில் தைரியமாகச் சொல்லு.

குளச்சல் வாசகன்:

பிட்கெய்ன், டினாகுலா, ஃபால்கன் மூன்றை மட்டும் வைத்துப் பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன், அரை மணி நேரத்துக்கு அதுவே அதிகம். தூத்தூர் தம்பி, டினாகுலா பகுதியையும் துபாயியாவையும் நீங்களே வந்து பேசினால் என்ன? மாதக் கடைசி ஞாயிறு மாலை 5 மணி, அன்றைக்குக் கரையில் இருப்பீர்களா?

தூத்தூர் கடலோடி:

இந்த வாரம் கடலுக்குப் போகிறோம் அண்ணே, மாதக் கடைசிக்குள் திரும்பிவிடுவோம் என்றுதான் பேச்சு. கரைக்கு வந்ததும் கூப்பிடுகிறேன். பாரு பார்க்கத் தெரிந்த ஒரு பெருசு எங்கள் ஊரில் இருக்கிறார், அவரையும் அழைத்து வரலாமா?

குளச்சல் வாசகன்:

கட்டாயம் கூட்டி வாங்க தம்பி. அவருக்குத்தான் முதல் பதினைந்து நிமிடம்.